ஆறாம் தெருவில் ஒட்டிலியின் தண்டவாளம்

கார்லைல் ஃபென்னர் செத்து ஏழு வருஷம் ஆகிறது. செத்தவனைப் போய் ஏன் திட்டுகிறாய் என்று என் மனைவி கேட்கிறாள். உயிரோடு இருந்தபோதே முகத்துக்கு நேரே திட்டியவன் நான், எனக்கென்ன கூச்சம்? ஆனால் இது அவன் கதை இல்லை. ஒட்டிலி கிராம்பெக்கின் கதை. அவளுடைய கரிக்கிடங்குக்குள் போன இருநூறு அடித் தண்டவாளத்தை அவன் எப்படிப் பிடுங்கப் பார்த்தான், அதற்கு நானே பதினோரு மாதம் எப்படிக் கூலியில்லாமல் ஒத்தாசை செய்தேன் என்கிற கதை. அந்த இரண்டாவது விஷயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

என் பெயர் லெஸ்டர் ஹவ்லிக். கார்விக் நகரத்துக் கரண்டு ரயிலில் முப்பத்து நாலு வருஷம் எஞ்சின் ஓட்டினேன். அயோவாவில் எங்கள் ஊர் மாதிரி பத்து ஊர் இருக்கும். ஜனங்களை ஏற்றிப் போன வண்டிகளை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழிலேயே நிறுத்தியாயிற்று. மிஞ்சியது சரக்கு. வடக்கு எல்லையில் பெரிய ரயில் கம்பெனி விட்டுப்போகும் பெட்டிகளை நாங்கள் கரண்டு எஞ்சினால் இழுத்து வந்து, பால்காரன் மாதிரி வாசல் வாசலாகப் போடுவோம். செங்கல் சூளைக்கு ஒரு கிளைத் தண்டவாளம், வெண்ணெய்ப் பண்ணைக்கு ஒன்று, மரக்கடைக்கு ஒன்று. மூன்றாம் அவென்யூவில் போகும் பிரதான பாதையிலிருந்து வளைந்து, ஆறாம் தெருவைக் குறுக்கே தாண்டி, ஒட்டிலியின் கிடங்கு வாசலுக்குள் ஒன்று.

ஒட்டிலி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் அப்பா சூளையில் மண் சுமந்தவர். பதினேழு வயதில் அந்தக் கரிக்கிடங்கில் எடைமேடைச் சீட்டு எழுத வந்தாள். முப்பத்து மூன்றாம் வருஷம் முதலாளி போய்ச் சேர்ந்தார். கையில் கரி படியாத அவர் பிள்ளைகள் கிடங்கை யார் தலையிலாவது கட்டப் பார்த்தபோது, இவள் வாங்கினாள். ஊரே சிரித்தது. பெண்பிள்ளை கரி விற்கிறாளாம், புருஷன் தபால் பை தூக்குகிறானாம் என்று சலூனில் கதை பேசினார்கள். அவள் புருஷன் ரைன்ஹோல்டு தபால்காரர்தான், நல்ல மனுஷன், கிடங்குப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். இவள் மட்டும் விடியற்காலை கேட்டைத் திறந்து, பெட்டியின் அடிக்கதவைத் தட்டித் திறந்து, கரியைத் தொட்டிகளில் இறக்கிவிட்டுத்தான் காபி குடிப்பாள்.

சிரித்தவர்கள் முப்பத்தாறு குளிர்காலத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். மூன்று வாரம் பனி, பெரிய ரயில் ஒன்றும் நகரவில்லை. ஊரில் கரி இருந்தது அவள் தொட்டியில் மட்டும். ஹோட்டல்காரன் வந்து எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றான். "வரிசையில நில்லு. வீட்டுக்கு ஒரு சாக்கு. உனக்கு எத்தனை வீடு?" என்று கேட்டாளாம். அந்த வரிசையில் நானும் நின்றேன். என் வீட்டில் பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தை இருந்தது. அது எனக்கு மறக்காது.

இப்போது கழுத்தறுப்புக்கு வருகிறேன். ஐம்பதாம் வருஷம் அக்டோபர் பத்தாம் தேதி, கம்பி வேலை பார்க்கும் வண்டி ஆறாம் தெருக் கிளைக்குள் போய், ஒட்டிலியின் தண்டவாளத்துக்கு மேலே ஓடிய கம்பியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் எஞ்சினுக்கு உயிரே அந்த மேல்கம்பிதான். எஞ்சின் முதுகில் நீளமாக ஒரு கம்பு இருக்கும், அது கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் ஓட்டம். கம்பி இல்லாத இடத்துக்கு எஞ்சின் போக முடியாது.

எங்கள் சூப்பிரண்டு ஃபென்னரிடம் போய்க் கேட்டேன்.

"கம்பங்கள் உளுத்துப்போச்சு லெஸ்டர். யார் தலையிலயாவது விழுந்தா யாரு பதில் சொல்றது? வசந்தத்துல புதுசு நட்டுத் தரேன்."

"அதுவரைக்கும் ஒட்டிலி கரிக்கு எங்க போவா சார்?"

"நானும் அதைத்தான் யோசிச்சேன். ஷெட்டுக்குப் பின்னாடி சுவரும் கூரையும் இல்லாத தட்டு வண்டி அஞ்சு சும்மா கிடக்கு. அதை எடுத்துக்கோ. உன் எஞ்சின் கம்பிக்கு அடியிலயே நிக்கட்டும், முன்னால அஞ்சு தட்டு வண்டி, அதுக்கு முன்னால கரிப்பெட்டி. தள்ளினா நேரா உள்ள போயிரும். அந்தம்மா வியாபாரம் கெடக்கூடாது பாரு."

எவ்வளவு அக்கறை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. நானும் என் பிரேக்மேன் ஓரின் ட்யாடனும் அன்றைக்கே அப்படித் தள்ளினோம். நீளமான குச்சியால் அடுப்புக்குள் விறகைத் தள்ளுகிற மாதிரி, நாங்கள் வெளியே நின்றபடி பெட்டியை உள்ளே தள்ளுவோம், காலியானதை இழுப்போம். இரண்டு மடங்கு வேலை. ஒட்டிலிக்காக என்பதால் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அவளும் ஆப்பிள் கேக் ஒன்று செய்து, "உங்க சூப்பிரண்டுக்குக் குடு, நல்ல மனசு" என்று என் கையிலேயே கொடுத்து அனுப்பினாள். அதைத் தூக்கிக்கொண்டு போய் அவன் மேஜையில் வைத்தவன் நான்தான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வசந்தம் வந்தது, கம்பம் வரவில்லை. கோடை போனது. கேட்டால் "ஆர்டர் போட்டிருக்கு" என்பான். பெட்டிதான் உள்ளே போய் வருகிறதே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

மறுவருஷம் அக்டோபர் இரண்டாம் தேதி ஊர்ப் பத்திரிகையில் நகரசபை அறிவிப்பு வந்தது. ஆறாம் தெருவுக்குக் காங்கிரீட் போடப் போகிறார்கள், "கைவிடப்பட்ட தண்டவாளம்" அகற்றப்படும், ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை கூட்டத்தில் முடிவு. நான் ஷெட் வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். ஒட்டிலி அந்தப் பத்திரிகையோடு வந்து நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்றைக்குக் காதைத் தீட்டினால்தான் கேட்டது.

"லெஸ்டர், என் தண்டவாளத்துல உன் எஞ்சின் கடைசியா எப்ப வந்துச்சு?"

"போன வாரம்தானே கரி போட்டோம்."

"கரிப்பெட்டி வந்துச்சு. எஞ்சின் எப்ப வந்துச்சு?"

எனக்குப் புரியவில்லை. அவள் நகரசபை அலுவலகத்துக்குப் போய், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் கம்பெனிக்குத் தெருவில் தண்டவாளம் போட அனுமதி கொடுத்த சட்டத்தை எடுக்கச் சொல்லி, நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தாள். கம்பெனியின் கரண்டு வண்டி பன்னிரண்டு மாதம் தொடர்ந்து செல்லாத தடம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும் என்று அதில் இருந்தது. ஜனங்களை ஏற்றிய காலத்தில் எழுதியது. பெரிய ரயில்காரனின் கரிப்பெட்டி எத்தனை போனாலும் அந்தச் சட்டத்தின் கணக்கில் வராது. கரண்டில் ஓடும் வண்டி போக வேண்டும். போகவில்லை. பதினோரு மாதமும் இருபத்திரண்டு நாளும் போகவில்லை. கூட்டத்துக்கு மறுநாள், பத்தாம் தேதியோடு, பன்னிரண்டு மாதம் முடிந்துவிடும்.

"தெருவுக்குக் காங்கிரீட் போட்டா, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல போடறது கம்பெனி செலவு. அதுவும் அந்தச் சட்டத்துலயே இருக்கு," என்றாள். "அந்தச் செலவு அவனுக்கு வேண்டாம். அதுக்கு என் தண்டவாளம் சாகணும். அவன் கொல்லலை லெஸ்டர். நீங்க ரெண்டு பேரும் தட்டு வண்டி வச்சுத் தள்ளித் தள்ளிக் கொன்னீங்க."

"அவன் உதவி பண்றான்னு..."

"அவன் எதுக்கு உதவி பண்றான்னு ஒரு நாள் கேட்டியா? முப்பது வருஷமா அவனை உனக்குத் தெரியும்."

தண்டவாளம் போனால் அவள் வடக்கு எல்லையில் பொதுத் தடத்தில் கரியை இறக்கி, லாரியில் அள்ளி, கிடங்கில் மறுபடி இறக்கி, மறுபடி அள்ள வேண்டும். இரண்டு தரம் கை மாறின கரியை அவள் விலைக்கு யார் வாங்குவார்கள்? ஒரு குளிர்காலம் தாங்கமாட்டாள். கிடங்கு போய்விடும். பதினேழு வயதிலிருந்து அவள் நின்ற இடம் போய்விடும். நான் ரொட்டியைக் கீழே வைத்தேன்.

மறுநாள் ஃபென்னர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். கம்பியைப் போடுங்கள் என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவனை இன்னொரு தரம் புதைக்கலாம்.

"உனக்குப் பென்ஷனுக்கு இன்னும் எத்தனை வருஷம்?"

"நாலு."

"அப்ப நாலு வருஷத்துக்கு உன் வேலையை மட்டும் பாரு."

"நீ மனுஷனே இல்லை," என்றேன். முப்பது வருஷத்தில் சார் போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் காகிதத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஐந்து நாள் எனக்குத் தூக்கமில்லை. எஞ்சினை எப்படி உள்ளே கொண்டுபோவது? கம்பியில்லாமல் அது ஐம்பது டன் இரும்பு. திங்கட்கிழமை ஓரின்தான் ஆரம்பித்தான். அவன் வாயைத் திறப்பதே அபூர்வம்.

"ஓட்டத்துல விட்டா என்ன?"

"என்னது?"

"மூணாவது அவென்யூ இறக்கத்துல வேகமா வா. வளைவு கிட்ட நான் கயித்தை இழுத்துக் கம்பைக் கீழ இறக்கிடறேன். அந்த வேகத்துலயே அது உருண்டு உள்ள போகட்டும்."

"அந்த வளைவுல வேகமா போனா கவிழ்ந்துரும்டா."

"மெதுவா போனா நின்னுரும். நடுவுல ஒரு வேகம் இருக்கும்ல? நீதானே ஓட்டற, கண்டுபிடி."

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றே கால் மணிக்கு, பெட்டி எதுவும் மாட்டாமல், எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு இறக்கத்தில் வந்தேன். ஓரின் தடம் மாற்றும் பாயிண்டை முன்கூட்டியே கிளைப் பக்கம் திருப்பிவிட்டு வந்து, பின்னால் கயிற்றைப் பிடித்து நின்றான். வளைவுக்கு முன்னால் அவன் கம்பை இறக்கினான், விளக்கு அணைந்தது, மோட்டார் சத்தம் நின்றது. வளைவில் சக்கரம் தண்டவாளத்தைக் கிழிக்கிற மாதிரி அலறியது, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப நிமிர்ந்தது. கவிழவில்லை. ஆனால் வளைவு வேகத்தையெல்லாம் தின்றுவிட்டது. ஆறாம் தெருவின் நட்டநடுவில், கிடங்கு வாசலுக்கு அறுபதடி இருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டது.

சட்டத்துக்கு அது வாசலைத் தாண்ட வேண்டும். தெருவில் பாதியில் நின்ற வண்டி எந்தக் கணக்கிலும் சேராது. நான் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பள்ளிக்கூடம் விட்டு மூன்று பஸ் ஒரு பக்கம் வந்து நின்றது, இன்னொரு பக்கம் லாரிகள். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

ஒட்டிலி வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போனாள். வரும்போது இரண்டு நெம்புகோல் தோளில் இருந்தது. கரிக்காரர்கள் எல்லோரிடமும் அது இருக்கும், ஆள் உயரத் தடி, நுனியில் இரும்பு நாக்கு. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் கொடுத்து மொத்த எடையையும் போட்டு அமுக்கினால், நிறைந்த கரிப்பெட்டிகூட ஒரு விரற்கடை நகரும். தொட்டிக்கு நேரே பெட்டியை நிறுத்த அவள் தினமும் செய்கிற வேலை. ஆனால் பெட்டி வேறு, எஞ்சின் வேறு. எஞ்சின் சக்கரத்தில் மோட்டாரும் பல்சக்கரமும் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். எந்தக் கரிக்காரனும் இதுவரை எஞ்சினை நெம்பியதில்லை.

"ஒட்டிலி, இது நகராது," என்றேன்.

"நீ பிரேக்கை மட்டும் விடு. மீதியை என்கிட்ட விடு."

ஒன்றை ஓரினிடம் தூக்கிப் போட்டாள். ஆளுக்கொரு சக்கரம். அமுக்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார்கள். மூன்றாவது தடவை அவள் தடியில் தொங்கியே விட்டாள், கால் தரையில் இல்லை. எஞ்சின் கிறீச்சென்றது. விரற்கடை நகர்ந்தது. உடனே தடியை உருவி மறுபடி கொடுத்தாள். ஐம்பத்தெட்டு வயது அவளுக்கு. முகமெல்லாம் வியர்வையும் கரியுமாக ஓடியது. நான் கீழே குதித்துப் பின்னால் தோளைக் கொடுத்தேன்.

இருபதடி போயிருப்போம், ஃபென்னரின் கார் வந்தது. யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும்.

"லெஸ்டர், ஏறிக் கைபிரேக்கைப் போடு. இது உத்தரவு."

"முடியாது."

"உன் வேலை போச்சுன்னு வச்சுக்கோ."

"வச்சுக்கிட்டேன்."

அவனே ஏறினான். நல்ல சாம்பல் நிறக் கோட்டு, பளபளவென்று ஷூ. கைபிரேக் சக்கரத்தைச் சுற்றினான். ஒட்டிலி அமுக்கிப் பார்த்தாள், நகரவில்லை. அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு, பஸ் டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"நான் நகர்த்திக்கிட்டுத்தான் இருந்தேன். இந்தக் கனவான் நிறுத்திட்டாரு. உங்களுக்கு எப்ப வழி விடறதுன்னு அவரையே கேளுங்க."

அந்த டிரைவர் இறங்கி வந்தான், கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. "யோவ், எண்பது பிள்ளைங்க பசியோட உக்காந்திருக்கு. இதை எந்தப் பக்கமாவது எடுய்யா."

"இன்னொரு எஞ்சினை வரச்சொல்லிப் பின்னால இழுக்கப்போறோம்."

"எங்க இருக்கு அது?"

இன்னொரு எஞ்சின் சூளையில் இருந்தது, ஒன்பது மைலில். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ரெண்டு மணி நேரம்," என்று நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அப்புறம் லாரிக்காரர்கள் அவனைப் பார்த்துச் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அதில் ஒன்றிரண்டு எனக்கே புதுசு. அவன் நாலாபக்கமும் பார்த்தான். முகம் சிவந்து, கைபிரேக்கைத் தளர்த்திவிட்டு இறங்கிக் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

டிரைவரும் லாரிக்காரர்களும் வெண்ணெய்ப் பண்ணை ஆட்களும் பின்னால் வந்து கைவைத்தார்கள். அவர்களுக்குச் சட்டமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது, தெரு திறந்தால் போதும். ஒட்டிலி நெம்ப, நாங்கள் தள்ள, எஞ்சின் உருள ஆரம்பித்தது. நாலு மணி பத்து நிமிஷத்துக்கு அதன் கடைசிச் சக்கரம் வாசலைத் தாண்டிக் கிடங்குக்குள் போனது. தபால் பையோடு அந்தப் பக்கம் வந்த ரைன்ஹோல்டு வாசலில் நின்று தொப்பியைக் கழற்றிவிட்டார். கரிக்கிடங்குப் பக்கம் அந்த மனுஷன் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாலைக் கூட்டத்துக்கு அவள் முகத்தைக்கூடக் கழுவாமல் வந்தாள். ஃபென்னர் எழுந்து, அது கரண்டில் போகவில்லை, கையால் தள்ளிக்கொண்டு போனார்கள், செல்லாது என்றான். நகரசபைத் தலைவர் குமாஸ்தாவை விட்டுச் சட்டத்தைப் படிக்கச் சொன்னார். வண்டி செல்ல வேண்டும் என்றுதான் இருந்தது, எதனால் செல்ல வேண்டும் என்று இல்லை.

"மிஸ்டர் ஃபென்னர், அந்த எஞ்சின் இப்ப எங்க நிக்குது?" என்று கேட்டார் தலைவர்.

"அந்தம்மா கிடங்குக்குள்ள."

"யாரோட எஞ்சின் அது?"

"கம்பெனியோடது."

"அப்ப கைவிட்ட தடத்துல உங்க எஞ்சினுக்கு என்ன வேலை?"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஒட்டிலி சிரிக்கவில்லை. ஐந்துக்கு இரண்டு என்று ஓட்டு விழுந்தது. தண்டவாளம் இருக்கும், காங்கிரீட் கம்பெனி போட வேண்டும், முப்பது நாளில் கம்பியைத் திரும்ப மாட்ட வேண்டும். எனக்கு இரண்டு மாதம் சம்பளமில்லாத விடுப்பு. யூனியன்காரர்கள் சண்டை போட்டதால் வேலை தப்பித்தது. அந்த இரண்டு மாதமும் வீட்டில் உட்கார்ந்து அந்தத் தட்டு வண்டிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பி மாட்டிய அன்று நானும் போய் நின்றேன். ஆட்கள் ஏணியில் ஏறி ஒவ்வொரு கொக்கியாக முறுக்கினார்கள். ஃபென்னரும் வந்திருந்தான், நகரசபை ஆள் கையெழுத்துக் கேட்பான் என்பதற்காக. ஒட்டிலி காலையிலிருந்து வாசலைவிட்டு நகரவில்லை. கடைசிக் கொக்கி முறுக்கியதும் அவன் கையுறையை மாட்டிக்கொண்டே, ஒன்றுமே நடக்காத மாதிரி, அந்தப் பழைய சிரிப்போடு அவள் பக்கம் வந்தான்.

"இப்ப சந்தோஷம்தானே, மிசஸ் கிராம்பெக்?"

அவள் குரல் இறங்கியது. ஏணியில் இருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்கள்.

"எதுக்குச் சந்தோஷம்? என்கிட்டேருந்து எடுத்ததை என்கிட்டயே திருப்பி வச்சிருக்க. வேற என்ன பண்ணியிருக்க நீ? வடக்கு எல்லையில எனக்கு ஒரு பெட்டி கரி நாலு நாளா நிக்குது. போய்க் கொண்டா."